டிரைவருக்கு நாமே கையெழுத்து போட்டுக்கலாமா? தோல் தொழிற்சாலை கம்ப்யூட்டர்களில் எட்டிப் பார்க்கும் 'கோட் 52' - விரிவான விளக்கம்

இயந்திரம் நல்லாத்தான் ஓடுது. ஆனா புது கம்ப்யூட்டர் அதை உள்ளே விட மாட்டேன் என்கிறது.

வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் பகுதியில் பதனிட்டு முடித்த தோலுக்கு விலை சதுர அடி கணக்கில்தான். அந்த சதுர அடியைச் சொல்வது அளவை இயந்திரம். இப்படிப்பட்ட இயந்திரம் ஒன்று வாங்கினால் பத்து, பதினைந்து வருஷம் ஓடும். அதோடு கேபிளில் இணைந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்த ஆயுசு கிடையாது. எடை மெஷின், லேபிள் பிரிண்டர், ஷூ கம்பெனிகளில் பேட்டர்ன் வெட்டும் பிளாட்டர் என எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு விண்டோஸ் 11 போட்ட புது கம்ப்யூட்டரை வைக்கும் இடங்களில்தான் சிக்கல் கிளம்புகிறது. இயந்திரத்தோடு வந்த சிடியைப் போட்டால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். அதைத் திறந்தால் 'கோட் 52'. இந்த டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்பது அதற்கு அர்த்தம்.

உடனே யாராவது ஒருத்தர் யூடியூப் வீடியோ ஒன்றை அனுப்புவார். "கையெழுத்துதானே இல்லை, நாமே போட்டுக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷத்தில் முடிகிற வேலைதான். ஆனால் அதே கம்ப்யூட்டரில்தான் ஜிஎஸ்டி தாக்கல் நடக்கிறது. ஏற்றுமதிக்கான டிஎஸ்சி டோக்கன் செருகப்படுகிறது. வங்கி லாகின் இருக்கிறது. வெளிநாட்டு வாங்குபவருக்கு இன்வாய்ஸ் போவதும் அதிலிருந்துதான். அதனால் அந்த அஞ்சு நிமிஷத்தில் என்ன மாறுகிறது என்று தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

டிரைவருக்கு எதுக்கு கையெழுத்து?

டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் கருவிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு செய்யும் ஒரு சின்ன மென்பொருள். சின்னதுதான், ஆனால் அது ஓடும் இடம் சாதாரண இடம் இல்லை. வேர்டு, எக்செல், டேலி எல்லாம் வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவை என்றால், பல டிரைவர்கள் கெர்னல் என்கிற உள்ளறையில் இருப்பவை. பீரோ சாவி இருக்கும் அறை அது. அங்கே போய்விட்ட ஒரு புரோகிராமை ஆன்டிவைரஸ்கூட சுலபமாகத் தடுக்க முடியாது. ஆன்டிவைரஸையே அது நிறுத்திவிட முடியும்.

அதனால்தான் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பில் இருந்தே கெர்னலுக்குள் போகும் டிரைவருக்குக் கையெழுத்து கட்டாயம் என்று மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்தது. ஆரம்பத்தில், அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் நிறுவனம் ஒன்றிடம் இருந்து சான்றிதழ் வாங்கி, டிரைவர் தயாரித்த கம்பெனியே கையெழுத்து போடலாம் என்று இருந்தது. 2016-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பில் இருந்து அந்தக் கதவும் மூடியது. புதிய கெர்னல் டிரைவர் என்றால் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பி, அவர்களே போடும் கையெழுத்தோடுதான் வர வேண்டும். அனுப்புகிற கம்பெனி யார் என்பதை உறுதிப்படுத்தும் உயர்நிலை சான்றிதழும் வேண்டும்.

கையெழுத்து என்றால் மை வைத்துப் போடுவது இல்லை. டிரைவர் தொகுப்பில் பொதுவாக மூன்று வகை ஃபைல் இருக்கும். கருவி எது, எந்த ஃபைலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் ஐஎன்எஃப் ஃபைல். உண்மையில் வேலை செய்யும் சிஸ் ஃபைல். இவை எல்லாவற்றின் விரல்ரேகை மாதிரியான எண்களை அடுக்கி வைத்திருக்கும் கேட்டலாக் ஃபைல். கையெழுத்து போடப்படுவது கடைசியாகச் சொன்ன இதில்தான். ஐஎன்எஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் விரல்ரேகை பொருந்தாது. கையெழுத்து செல்லாது. "ஒரே ஒரு வரிதான் சார் சேர்த்தேன்" என்று சொல்கிறவர்களுக்கு கோட் 52 வருவது இதனால்தான்.

'செல்ஃப் சைன்' அப்படின்னா?

இதைப் புரிந்துகொள்ள ஜெராக்ஸ் கடை வாசல் போதும். ஒரு காலத்தில் சான்றிதழ் நகலில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க அலைந்தோம். 2014-க்குப் பிறகு மத்திய அரசு வேலைகளில் சுய சான்றொப்பம் போதும் என்று ஆனது. நாமே 'உண்மை நகல்' என்று எழுதி கையெழுத்து போடுகிறோம்.

டிரைவரில் செல்ஃப் சைன் என்பதும் அதேதான். நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு சான்றிதழை உருவாக்கி, அதை வைத்து டிரைவரின் கேட்டலாக் ஃபைலில் கையெழுத்து போட்டு, பிறகு "இந்தச் சான்றிதழை நம்பு" என்று விண்டோஸுக்குச் சொல்வது. ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. சுய சான்றொப்பம் போட்ட நகலை வேலையில் சேரும்போது அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கே அசலைக் கேட்க யாரும் இல்லை. விஏஓ சீலையும் நாமே செய்து, அந்த சீலை நம்பும்படி தாலுகா ஆபீசையும் நாமே மாற்றிவிடுகிற மாதிரி.

இரண்டு கேட் இருக்கு

வீடியோக்களில் பெரும்பாலும் குழப்புவது இந்த இடத்தைத்தான். விண்டோஸ் கையெழுத்தை ஒரு தடவை பார்ப்பதில்லை, இரண்டு தடவை பார்க்கிறது.

முதல் கேட், டிரைவரை இன்ஸ்டால் செய்யும் நேரத்தில். இங்கே பார்ப்பது தொகுப்பின் கேட்டலாக் கையெழுத்தை. நாம் உருவாக்கிய சான்றிதழை கம்ப்யூட்டரின் 'நம்பகமான ரூட்' பட்டியலிலும் 'நம்பகமான பப்ளிஷர்' பட்டியலிலும் சேர்த்துவிட்டால் இந்த கேட் திறந்துவிடும்.

இரண்டாவது கேட், சிஸ் ஃபைல் கெர்னலுக்குள் ஏறும் நேரத்தில். இங்கே நம் சான்றிதழ் எந்தப் பட்டியலில் இருந்தாலும் கணக்கில்லை. மைக்ரோசாஃப்ட் வழியாக வந்த கையெழுத்தா என்றுதான் பார்க்கும். 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழால் கையெழுத்தான பழைய டிரைவர்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

இதில் இருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. சில கருவிகளுக்குத் தனி சிஸ் ஃபைலே தேவையில்லை. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும், மைக்ரோசாஃப்ட் கையெழுத்துள்ள வின்யூஎஸ்பி போன்ற பொது டிரைவரைப் பயன்படுத்து என்று ஐஎன்எஃப் ஃபைல் சொன்னால் போதும். அங்கே செல்ஃப் சைன் முதல் கேட்டைத் தாண்டினாலே வேலை முடிந்தது. செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை. ஸாடிக் என்ற இலவசக் கருவி இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சான்றிதழ் உருவாக்கி, கையெழுத்து போட்டவுடன் அதன் ரகசிய சாவியை அழித்துவிடுகிறது. அந்தச் சாவி பிறகு யார் கையிலும் சிக்காது, அதே சான்றிதழில் இன்னொரு கையெழுத்து போடவும் முடியாது. செல்ஃப் சைன் செய்வதில் ஒழுங்கான முறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

டெஸ்ட் மோடில் என்ன ஆகிறது?

கருவிக்குத் தனி கெர்னல் டிரைவர் இருந்து, அதற்கு மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இல்லை என்றால், வீடியோக்கள் சொல்லும் அடுத்த வழி டெஸ்ட் மோட். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, ஒரு கமாண்ட் அடித்தால் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கும்போது திரையின் வலது கீழ் மூலையில் 'டெஸ்ட் மோட்' என்று எழுத்து வந்து நிற்கும்.

இது டிரைவர் எழுதும் இன்ஜினியர்கள் தங்கள் லேபில் சோதனை செய்வதற்காக வைத்த வசதி. அதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. டெஸ்ட் மோடைப் போட்டால் நாம் கையெழுத்து போட்ட அந்த ஒரு டிரைவர் மட்டும் உள்ளே போகும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. யார் உருவாக்கிய சான்றிதழில் கையெழுத்து போட்டிருந்தாலும் கெர்னல் ஏற்றுக்கொள்ளும். அளவை இயந்திரத்துக்காகத் திறந்த கதவு வைரஸுக்கும் அதே அகலத்தில் திறந்திருக்கும்.

ஸ்டார்ட்அப் மெனுவில் ஏழாவது விருப்பமாக வரும் 'கையெழுத்துக் கட்டாயத்தை நிறுத்து' என்பது ஒரு தடவைக்கு மட்டும்தான். அடுத்த முறை கம்ப்யூட்டரைத் தொடங்கினால் மறுபடி சோதனை வந்துவிடும், டிரைவர் மறுபடி நின்றுவிடும். தினமும் காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது இதைச் செய்துகொண்டிருக்க யாராலும் முடியாது. அதனால்தான் எல்லாரும் டெஸ்ட் மோடுக்குப் போகிறார்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பிட்லாக்கர் போட்டிருக்கும் கம்ப்யூட்டரில் செக்யூர் பூட்டை மாற்றினால், அடுத்த முறை தொடங்கும்போது 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கக்கூடும். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் இந்தப் பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் தானாகப் போடப்பட்டிருப்பது சகஜம். எண் இல்லை என்றால் உள்ளே இருக்கும் கணக்குகள் அவ்வளவுதான். பயாஸில் கை வைக்கும் முன் அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதை சர்வீஸ் செய்பவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள்.

'நம்பகமான ரூட்' பட்டியலில் கை வைத்தால்?

செல்ஃப் சைனின் உண்மையான ஆபத்து டிரைவரில் இல்லை, அந்த ரூட் பட்டியலில்தான் இருக்கிறது. வங்கி இணையதளத்தைத் திறக்கும்போது வரும் பூட்டுச் சின்னமும் இதே பட்டியலை நம்பித்தான் வருகிறது. அதில் ஒரு சான்றிதழைக் கட்டுப்பாடில்லாமல் சேர்த்தால், அதன் ரகசிய சாவி வைத்திருப்பவர் போலி வங்கித் தளம் ஒன்றை அசல் பூட்டுச் சின்னத்தோடு காட்ட முடியும்.

இது கற்பனை இல்லை. இந்தியாவிலேயே 2014 ஜூலையில் இதற்கு நெருக்கமான சம்பவம் நடந்தது. மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமான என்ஐசி நடத்திய சான்றிதழ் பிரிவில் இருந்து, கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதை கூகுள் கண்டுபிடித்தது. இந்திய ரூட் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அவற்றை நம்பின. தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்த ஃபயர்பாக்ஸுக்குப் பாதிப்பு இல்லை. சான்றிதழ் ஆணையங்களைக் கண்காணிக்கும் சிசிஏ அவற்றை ரத்து செய்தது. மைக்ரோசாஃப்டும் அவசர அப்டேட் வெளியிட்டது.

டிரைவரோடு நேரடியாகத் தொடர்புள்ள உதாரணமும் உண்டு. தைவானைச் சேர்ந்த சாவிடெக் நிறுவனத்தின் யூஎஸ்பி ஆடியோ டிரைவர், இன்ஸ்டால் ஆகும்போதே தன் செல்ஃப் சைன் சான்றிதழை கம்ப்யூட்டரின் ரூட் பட்டியலில் சத்தமில்லாமல் சேர்த்தது 2017-ல் அம்பலமானது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி-க்காகச் செய்த ஏற்பாடு புதிய விண்டோஸிலும் தொடர்ந்திருந்தது. 2015-ல் லெனோவோ லேப்டாப்களில் இருந்த சூப்பர்ஃபிஷ் விவகாரம் இன்னும் மோசம். எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரூட் சான்றிதழ், ஒரே ரகசிய சாவி. அதன் பாஸ்வேர்டை ஆய்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு போட்டு, சாவியை வாசற்படியில் வைத்த மாதிரி.

ஒரு சர்வீஸ் ஆள் தான் உருவாக்கிய ஒரே சான்றிதழை, ரகசிய சாவியோடு பென்டிரைவில் வைத்துக்கொண்டு பத்து கம்பெனி கம்ப்யூட்டர்களில் போட்டால் நிலைமை இதேதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். அந்த பென்டிரைவ் தொலைந்தால்?

கையெழுத்து இருந்தா மட்டும் பத்திரமா?

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். அதற்கு பதில், இல்லை.

ஈரானின் அணுசக்தி நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் 2010-ல் வெளிச்சத்துக்கு வந்தபோது, அதன் டிரைவர்களில் முறையான கையெழுத்து இருந்தது. ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களின் சான்றிதழ்கள் திருடப்பட்டு அதற்குப் பயன்பட்டிருந்தன. பென்டிரைவ் வழியாகப் பரவிய அந்த வைரஸ் அதிகம் தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா இருந்தது. தொழிற்சாலை இயந்திரத்தோடு இணைந்த கம்ப்யூட்டர்தானே, அதை யார் தேடி வரப் போகிறார்கள் என்று இன்றைக்கும் நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்தைத் திருடவே தேவையில்லாத வழியும் வந்துவிட்டது. முறையாகக் கையெழுத்தான, ஆனால் ஓட்டை உள்ள பழைய டிரைவரை வைரஸ்காரர்களே கூடவே கொண்டு வருவது. 2020-ல் ராபின்ஹுட் என்ற ரான்சம்வேர், கிகாபைட் மதர்போர்டின் பழைய டிரைவரை வைத்து ஆன்டிவைரஸை நிறுத்தியது. 2022-ல் ஜென்ஷின் இம்பாக்ட் என்ற பிரபல வீடியோ கேமின் டிரைவர் அதே வேலைக்குப் பயன்பட்டது. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் அந்த கேம் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மேலே சொன்ன 2015 ஜூலை 29 விலக்கையும் விட்டுவைக்கவில்லை. கையெழுத்தின் தேதியைப் பின்னோக்கி மாற்றி, கசிந்த பழைய சான்றிதழ்களால் தீய டிரைவர்களை ஏற்றுவதை 2023-ல் சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் பிரிவு வெளிப்படுத்தியது.

கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் விபத்து நடக்கும். 2024 ஜூலை 19-ம் தேதி உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். காரணமான கிரவுட்ஸ்டிரைக் டிரைவரில் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து முறையாகவே இருந்தது. அது படித்த ஒரு அப்டேட் ஃபைலில்தான் தவறு.

ஆக, கையெழுத்து 'இது யாருடையது, வழியில் மாறவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். 'இது நல்லது' என்று சொல்லாது. ஆனாலும் யாருடையது என்று தெரிந்தால்தான் ரத்து செய்ய முடியும். ஸ்டக்ஸ்நெட் சான்றிதழ்கள் கண்டுபிடித்த உடனே ரத்தாயின. டெஸ்ட் மோடில் ஓடும் கம்ப்யூட்டரில் ரத்து செய்ய எதுவும் இல்லை.

அப்போ தப்பு யார் மேல?

பாதுகாப்பு நிபுணர்கள் பயனாளரைத் திட்டுவது வழக்கம். முழு நியாயம் அதில் இல்லை. லட்சக்கணக்கில் விலை போட்டு இயந்திரத்தை விற்றவர், பத்து வருஷம் கழித்து புதிய விண்டோஸுக்கு டிரைவர் தருவதில்லை. கம்பெனியே மூடியிருக்கும், அல்லது 'புது மாடல் வாங்குங்க' என்பார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் என்ன ஆகுமோ என்று கையைப் பிசைந்த ஜாப் ஒர்க் யூனிட்களிடம், ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப்போட்டு புதுசு வாங்கச் சொல்வது நடக்கிற காரியமா?

சிப் தயாரிப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை. எடை மெஷினையும் அளவை இயந்திரத்தையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் கேபிளுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்பைப் போல் போலி சிப்கள் சந்தையில் குவிந்ததும், 2014-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட டிரைவர் போலி சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கியது. அது வந்தது விண்டோஸ் அப்டேட் வழியாக, மைக்ரோசாஃப்ட் கையெழுத்தோடு. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள். 2016-ல் வந்த இன்னொரு பதிப்போ, போலி சிப் என்றால் கருவி அனுப்பும் தகவலுக்கு பதிலாக 'இது அசல் இல்லை' என்ற வாசகத்தை அனுப்பியது. சதுர அடி வர வேண்டிய இடத்தில் ஆங்கில வாக்கியம் வந்து விழுந்தால் என்ன ஆகும்! கேபிளை வாங்கியவருக்கு அது போலி என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

புரொலிஃபிக் நிறுவனமும் தன் பிஎல்2303 வரிசையின் பழைய சிப்புக்கு புதிய டிரைவரில் ஆதரவை நிறுத்திவிட்டது. 2012-லேயே அந்த சிப் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற செய்திதான் டிவைஸ் மேனேஜரில் வருகிறது. அசல் பழைய சிப்பும் இதில் மாட்டிக்கொள்கிறது.

லினக்ஸில் நிலைமை கொஞ்சம் வேறு. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். செக்யூர் பூட்டை ஆதரிக்கும் உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ்களில் உரிமையாளர் தன் சொந்த சாவியை கம்ப்யூட்டரில் பதிவு செய்து, தன் டிரைவருக்குத் தானே கையெழுத்து போடும் வழி அதிகாரப்பூர்வமாகவே இருக்கிறது. செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் முன் நேரில் உட்கார்ந்து, தொடங்கும்போது வரும் திரையில் பாஸ்வேர்ட் அடித்தால்தான் சாவி பதிவாகும். தூரத்தில் இருக்கும் ஹேக்கரால் அதைச் செய்ய முடியாது. விண்டோஸ் வீட்டுப் பதிப்பில் இப்படி ஒரு நடுவழி கிடையாது. ஒன்று மைக்ரோசாஃப்ட் கையெழுத்து, இல்லையென்றால் கதவு மொத்தமாகத் திறப்பு.

சரி, இயந்திரம் ஓடணுமே. என்ன வழி?

முதலில் பிரச்னை கேபிளா, கருவியா என்று பாருங்கள். யூஎஸ்பி-சீரியல் கேபிள்தான் என்றால் செல்ஃப் சைன் பேச்சே வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டிலேயே கையெழுத்துள்ள டிரைவர் கிடைக்கும் சிப் உள்ள கேபிளாக மாற்றினால் போதும். சிஎச்340 சிப்புக்கும் அசல் எஃப்டிடிஐ சிப்புக்கும் அப்படிக் கிடைக்கிறது. சில நூறு ரூபாயோடு முடியும் வேலை. இயந்திரம் அனுப்பும் சீரியல் தகவலுக்கு எந்த கேபிள் என்பது பற்றிக் கவலை இல்லை.

பழைய பிரிண்டர் என்றால் விண்டோஸில் உள்ள பொது டிரைவரில் ஓடுகிறதா என்று பார்க்கலாம். பிரிண்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

தனி கெர்னல் டிரைவர் இல்லாமல் முடியாது, தயாரித்தவரும் கைவிட்டுவிட்டார் என்றால், இருப்பதில் சரியான வழி பழைய கம்ப்யூட்டரையே பழைய விண்டோஸோடு அந்த இயந்திரத்துக்கு மட்டும் ஒதுக்குவது. நெட் கேபிளைக் கழற்றிவிட வேண்டும், வைஃபையை அணைத்துவிட வேண்டும். டிஎஸ்சி டோக்கன், ஈமெயில், வங்கி எதுவும் அதில் கூடாது. ரிப்போர்ட்டைப் பேப்பரில் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பழைய பாணிதான், ஆனால் பத்திரமானது. பென்டிரைவ் தவிர்க்கவே முடியாது என்றால் அந்த வேலைக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்ய வேண்டும். டெஸ்ட் மோட் போட்டே தீர வேண்டும் என்றாலும் இப்படித் துண்டித்த கம்ப்யூட்டரில் மட்டும் போடுங்கள்.

விண்டோஸ் 10-லேயே இன்னும் கொஞ்ச காலம் தொடர நினைப்பவர்களுக்கு, கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம்.

உங்க கம்ப்யூட்டரில் ஏற்கெனவே செய்துவிட்டார்களா?

கண்டுபிடிப்பது சுலபம். திரை மூலையில் 'டெஸ்ட் மோட்' எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'செக்யூர் பூட் ஸ்டேட்' என்ற வரி வரும். அதில் 'ஆஃப்' என்று இருந்தால், யார், எதற்காக அணைத்தார்கள் என்று கேட்க வேண்டும். 2011-ல் வழங்கிய செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குவதால், புதிய சான்றிதழ் அப்டேட் வழியாக வந்து சேர வேண்டிய நேரமும் இது.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதற்குள் 'கோர் ஐசோலேஷன்' போனால், ஓட்டை உள்ள டிரைவர்களைத் தடுக்கும் பட்டியலுக்கான சுவிட்ச் இருக்கும். விண்டோஸ் 11-ன் 2022 அப்டேட்டில் இருந்து அது தானாகவே ஆன் நிலையில்தான் வருகிறது. பழைய டிரைவரை ஓட வைக்க யாராவது அணைத்திருக்கலாம். ரூட் சான்றிதழ் பட்டியலில் சர்வீஸ் கடையின் பெயரிலோ, 'டெஸ்ட்' என்ற பெயரிலோ ஏதாவது இருந்தால், போட்டவரைக் கேட்டு, தேவையில்லை என்றால் நீக்கச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டது, வாங்குபவருக்குப் போன இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கிறது என்பது போல எதையாவது கவனித்தால், முதல் வேலை நெட்டைத் துண்டிப்பது, இரண்டாவது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு வேறு போனில் அழைப்பது. பணம் நகர்ந்துகொண்டிருக்கும் முதல் சில மணி நேரத்தில்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நிறுவனங்கள் சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ம் தேதியிட்ட உத்தரவும் இருக்கிறது. சின்ன யூனிட்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

புது இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் விலை பேசும்போதே ஒன்றைச் சேர்த்துக் கேட்கலாம். இதற்குத் தனி டிரைவர் உண்டா, மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இருக்கா, அடுத்த விண்டோஸ் வந்தால் டிரைவர் தருவீர்களா, எத்தனை வருஷத்துக்கு? பதிலை வாய் வார்த்தையாக விடாமல் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். நெட்வொர்க் கேபிளில் நேரடியாகப் பேசும் மாடல், அல்லது டிரைவரே தேவைப்படாத மாடல் இருந்தால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதைப் பார்ப்பது நல்லது.